எண்ணெய் எஞ்சினில் ‘டைமிங்’ வைக்கும் முறை

நெற்பயிர் பொதி கட்டிக் கதிர் வாங்கும் தருணத்தில் தண்ணீர் தவறினால், பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் பதர் மணியாவதில்லை. இதைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மின்சாரம் எட்டாத கிணறுகளிலும், மின்சாரம் நின்றுபோகும் வேளைக்கென்று கையிருப்பாக வைத்துள்ள இடங்களிலும், பழைய மெதுவேக டீசல் எஞ்சின்கள் இன்றும் இறைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். இவற்றுள் பல, இங்கிலாந்து தேசத்து டர்ஸ்லி நகரில் செய்யப்பட்ட லிஸ்டர் எஞ்சினின் அமைப்பைப் பின்பற்றி ராஜ்கோட் முதலிய இடங்களில் வார்க்கப்பட்டவை. ஜாக்கிரதையாய் வைத்துக்கொண்டால் ஒரு தலைமுறை உழைக்கக்கூடியவை. ஆயினும் ஒருமுறை பிரித்துப் பூட்டிய பின்னர், “பழைய சத்து இல்லை, எண்ணெய் குடிக்கிறது, புகை கக்குகிறது” என்று குறை சொல்லப்படுவது சகஜம். இதற்கு எஞ்சினின் வயது காரணமென்று எண்ணி விற்றுவிடுவோரும் உண்டு. பட்டறைக்காரர் ‘டைமிங்’ என்று சொல்லும் காலப் பொருத்தம் சரியாக உள்ளதா என்று பார்த்த பிறகே அவ்வித முடிவுக்கு வருதல் வேண்டும்.

பிஸ்டன் ஏறி இறங்குவதற்கு இசைவாக வால்வுகள் திறந்து மூடுதலும், எண்ணெய் உரிய கணத்தில் பீச்சப்படுதலுமே டைமிங் ஆகும். நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்குத் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால், வால்வுகளை இயக்கும் காம் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பல மோட்டார் கார்களில் இவ்விரு தண்டுகளையும் பற்களுள்ள ரப்பர் பெல்ட் ஒன்று இணைக்கும். இறைப்பு எஞ்சின்களில் அவ்வேலையைச் சாதாரணமாய் இரும்புப் பற்சக்கரங்கள் செய்கின்றன. பெல்ட்டைப்போல் இவை அறுந்துபோவதில்லை என்பது உண்மையே. ஆனால் பல் மாறிப் பூட்டினால் விளையும் கேடு இரண்டிலும் ஒன்றுதான். கிராங்குச் சக்கரத்தில் 30 பற்கள் இருப்பதாகக் கொண்டால், ஒரு பல் மாறுவது 12 பாகைப் பிழையாகும். அவ்வளவு பிழையிலும் எஞ்சின் ஓடக்கூடும். அதனாலேயே பிழை வெளிப்படாமல் மாதக்கணக்காய் எண்ணெய் வீணாகிறது. பல பற்கள் மாறினாலோ, பிஸ்டன் வால்வின் தலையில் முட்டிப் புஷ்ராடு வளைந்துவிடும்.

பற்சக்கரங்களில் செய்தவர்கள் புள்ளியிட்டிருப்பார்கள். ஒரு சக்கரத்தின் புள்ளியிட்ட பல், மற்றதன் புள்ளியிட்ட இரு பற்களுக்கிடையே பொருந்த வேண்டும். பழைய எஞ்சின்களில் இப்புள்ளிகள் தேய்ந்து மறைந்திருப்பதுண்டு. அப்படியாயின், சக்கரத்தைக் கழற்றுமுன்பே மத்தியக் குத்துளியால் புதிய புள்ளிகள் இட்டுக்கொள்ளல் வேண்டும். சுண்ணாம்புக் கட்டியால் இட்ட கோடு மண்ணெண்ணெயில் கழுவும்போது போய்விடும். அதை நம்புவதில் பிரயோஜனமில்லை. இரு சக்கரங்களுக்கும் நடுவே மூன்றாவது சக்கரம் ஒன்று உள்ள எஞ்சின்களில், பூட்டியபின் இரண்டு சுற்றுச் சுற்றினால் புள்ளிகள் மறுபடி நேர்ப்படாமலிருக்கலாம். பற்களின் எண்ணிக்கையைப் பொறுத்து, பல சுற்றுக்குப் பின்னரே அவை ஒன்றுகூடும். இதைக் கண்டு மிரண்டு, சரியாகப் பூட்டியதைப் பிரிக்க வேண்டாம்.

நிற்க. அடுத்துக் கண்டறிய வேண்டியது பிஸ்டனின் உச்சி நிலை. பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது, பிளைவீல் சிறிது தூரம் சுற்றியும் பிஸ்டன் அசைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகையால் கண் மதிப்பாய் இடும் குறி பிழைபடும். ஹெட் கழற்றியிருக்கும் சமயத்தில் பிஸ்டன் மேலேறுகையில், உச்சிக்கு அரை அங்குலம் கீழே இருக்கும்போது பிளைவீலின் விளிம்பில், அசையாத ஓர் அடையாளத்திற்கு நேரே ஒரு குறி இட வேண்டும். உச்சியைக் கடந்து மறுபுறம் அதே அரை அங்குலம் இறங்கியதும் இன்னொரு குறி இட வேண்டும். இவ்விரு குறிகளுக்கும் சரிபாதியே உச்சி நிலை. நூல் ஒன்றும் அளவுகோல் ஒன்றும் இதற்குப் போதும்.

ஒரு பிளைவீல் குறி இரண்டு உச்சிகளைக் காட்டும் என்பதை மறவாதிருத்தல் அவசியம். ஹெட்டைப் பூட்டி, குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளியைக் கைப்புத்தகம் கூறும் அளவுக்கு அமைத்த பின் பார்த்தால், ஓர் உச்சியில் இரு வால்வுகளும் மூடி, ராக்கர் கைகள் தளர்ந்திருக்கும். அது அமுக்க உச்சி. மற்றதில் புகைவால்வு மூடும் தறுவாயிலும் காற்றுவால்வு திறக்கும் தறுவாயிலும் இருக்கும். இப்படி இரண்டும் ஒருங்கே அசைவது உச்சிக் குறிக்கு வெகு அப்பால் நிகழுமாயின், பல் மாறியிருக்கிறதென்று கொள்ளலாம்.

இனி எண்ணெய் பீச்சும் கணம். எண்ணெய் தீப்பற்றச் சிறிது நேரம் செல்லுமாதலால், உச்சிக்கு முன்னமே பீச்சத் தொடங்க வேண்டும். நிமிஷத்திற்கு 650 சுற்றுள்ள லிஸ்டர் வகைக்கு 20 பாகை என்பது வழக்கமான அளவு. கைப்புத்தகத்தில் வேறு அளவு காணப்பட்டால் அதுவே பிரமாணம். அவ்வேகத்தில் 20 பாகை கடக்க ஆகும் நேரம் ஒரு விநாடியில் 200-ல் ஒரு பங்குதான். காதால் கேட்டு வைத்துவிடலாமென்று சொல்லும் மிஸ்திரிகளின் அனுபவத்தைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் அளந்து வைப்பதே நலம். பிளைவீலின் குறுக்களவு 24 அங்குலமானால் அதன் சுற்றளவு 75.4 அங்குலம், 20 பாகைக்கு விளிம்பில் 4.2 அங்குலம் ஆகிறது.

அளக்கும் விதம் வருமாறு: பம்பிலிருந்து நாசிலுக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, பம்பின் தலையிலுள்ள டெலிவரி வால்வையும் அதன் ஸ்பிரிங்கையும் எடுத்துச் சுத்தமான டீசலில் இட்டு வைக்க வேண்டும். தூசி படலாகாது. மூடியை மீண்டும் திருகி, பம்பின் கம்பியை ஓடும் நிலையில் வைத்து, டாங்கிக் குழாயைத் திறந்தால் எண்ணெய் தானே வழியும். பிளைவீலை ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்பி அமுக்க உச்சியை நெருங்குகையில், ஒழுக்கு மெலிந்து, சொட்டாகி, நிற்கும். நின்ற கணமே பீச்சத் தொடங்கும் கணம். அவ்விடத்திலிருந்து உச்சிக் குறிவரை விளிம்பின்மேல் அளக்க வேண்டும். சற்றுத் தாண்டிவிட்டால், அங்கிருந்தே பின்னுக்குத் திருப்பி அளக்கலாகாது. பற்களிடையே உள்ள தளர்ச்சி அளவைக் கெடுக்கும். நன்றாகப் பின்வாங்கி மறுபடி முன்னுக்கு வருதல் வேண்டும். அளவு குறைந்தால் பம்பின் கீழுள்ள டாப்பெட் திருகை உயர்த்தவும், மிகுந்தால் தாழ்த்தவும். அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால் பம்பின் உள்தண்டு மேலே முட்டி உடையும்.

பீச்சுதல் முந்தினால், பளு இல்லாதபோதும் சம்மட்டி அடித்தாற்போன்ற கடுமையான சத்தம் கேட்கும்; பிந்தினால் வெண்புகையும் நெடியும் தோன்றி, புகைக்குழாய் மிகுதியாய்ச் சூடேறும். ஆனால் அடைபட்ட நாசில், எண்ணெயில் கலந்த நீர், தேய்ந்த ரிங்கு ஆகியவற்றாலும் புகை உண்டாகுமாகையால், பிரிக்காமலே ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் முதலில் இவற்றைச் சோதிப்பதே முறை.

டெலிவரி வால்வைத் திரும்பப் பூட்டிக் காற்றை வெளியேற்றியபின், அமுக்கம் நீக்கும் நெம்பை உயர்த்தி, கையால் முழுமையாக இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் எஞ்சினைக் கிளப்பக்கூடாது. எங்காவது தடுத்தால் பலவந்தம் செய்யாமல் நிறுத்துக. முந்திப் பற்றும் எஞ்சின் கைப்பிடியைப் பின்னுக்கு உதைக்கும். மணிக்கட்டு முறிய அது போதும். கைப்பிடியைப் பற்றுகையில் கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைக்க வேண்டும். சுற்றி வளைத்துப் பிடிக்கலாகாது.

சரியான அளவு கிடைத்ததும், பிளைவீலில் உச்சிக்கும் பீச்சும் இடத்துக்கும் உளியால் கோடு வெட்டி வெள்ளைப் பெயிண்ட் பூசிவிடலாம். பலர் கூட்டாக வைத்துள்ள எஞ்சினாயின், அளவையும் தேதியையும் பம்பு அறையின் சுவரிலும் கணக்குப் புத்தகத்திலும் எழுதி வைத்தால், மறுமுறை வரும் மிஸ்திரி எவராயினும் அங்கிருந்தே வேலையைத் தொடங்குவார்.