பாட்டியின் உதட்டைப் பார்த்து

அக்டோபர் வந்துவிட்டால், ஆராதனைக்குப் பிறகு ஆலயக் கீழ்த்தளத்தில் ஒரு மேசையைச் சுற்றிப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மடிக்கணினியோடு உட்கார்ந்துவிடுவார்கள். வாலிபர் ஐக்கியத்தில் கொஞ்சம் மூத்தவர்களான நாங்கள் அவர்களுடைய கல்லூரி விண்ணப்பக் கட்டுரைகளை வாசித்துப் பார்ப்போம். பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பமாகப் போகும் காமன் ஆப்பில் கட்டுரை 250 வார்த்தைக்குக் குறையக் கூடாது, 650-ஐத் தாண்டக் கூடாது. ஏழு தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஏழாவது, 'எதையும் எழுதலாம்'. திணறடிப்பது அதுதான்.

போன வருஷம் ஒரு தம்பி, கோடை விடுமுறையில் நாகர்கோவில் பக்கம் பத்து நாள் செய்த ஊழியத்தைப் பற்றி எழுதியிருந்தான். 'ஏழைகளாயிருந்தும் சந்தோஷமாயிருந்தார்கள்' என்று முடித்திருந்தான். நல்ல பயணம்தான். ஆனால் கட்டுரையில் அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் முகம் இல்லை, அவனையும் காணோம். (எங்கள் காலத்தில் நாங்களும் இதையேதான் எழுதினோம்.)

பேச்சுவாக்கில் வேறொன்று வந்தது. மூன்று வருஷமாக ஆராதனையில் திரையில் பாட்டு வரிகளை மாற்றுகிறவன் அவன். தமிழ் வாசிக்கத் தெரியாது. பிறகு எப்படிச் சரியாக மாற்றுகிறாய் என்று கேட்டோம்.

"இரண்டாவது வரிசையில் எங்கள் பாட்டி இருப்பார்கள். பாட்டெல்லாம் மனப்பாடம். எல்லாருக்கும் அரை வரி முந்தியே பாடுவார்கள். அவர்கள் உதட்டைப் பார்த்து மாற்றுவேன்."

"பாட்டி வராத ஞாயிறு?"

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான். முழங்கால் அறுவைக்குப் பிறகு பாட்டி ஏழு வாரம் வரவில்லையாம். அப்போதுதான் அவர்கள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 'அ' எழுதப் பழகினானாம்.

அதை எழுது என்றோம். அம்மாவுக்குச் சங்கடம். "தமிழ் தெரியாது என்று இவனே எழுதிக் கொடுக்கவா அண்ணா? ரோபாட்டிக்ஸ் பரிசு இருக்கிறதே!" பரிசுகளுக்கு விண்ணப்பத்தில் ஐந்து இடமும், மற்ற ஈடுபாடுகளுக்குப் பத்து இடமும் தனியாகவே உண்டு என்று காட்டியபின் சமாதானமானார்கள்.

இன்னொரு தங்கையின் விஷயம் இவ்வளவு லேசாக இல்லை. அப்பாவின் வியாதியை எழுத விரும்பினாள். வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்றார் அம்மா. எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. கடைசியில், அது அப்பாவின் கதையும்தானே, அவரிடமே கேள் என்றோம். இரண்டு நாள் கழித்து அவர் சொன்னாராம்: "எழுதம்மா. வியாதியின் பெயர் மட்டும் வேண்டாம்." மாத்திரைப் பெட்டியை ஞாயிறுதோறும் அவள் நிரப்புவதை மட்டுமே எழுதினாள். அதுவே போதுமானதாயிருந்தது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இது என் சொந்த எழுத்து என்று பிள்ளை உறுதிகூறித்தான் அனுப்ப வேண்டும். எழுத்துப்பிழை காட்டுங்கள், பேனாவை வாங்கிவிடாதீர்கள்.

பல கல்லூரிகளுக்கு முன்கூட்டிய விண்ணப்பத்தின் கடைசி நாள் நவம்பர் 1. தலைப்பு கிடைக்காதவர்கள் வெறுங்கையோடே வாருங்கள். காபி உண்டு.