கப்பல் ஏறுமுன் ஆங் மோ கியோவில் அரைநாள்

உல்லாசக் கப்பல் பயணத்துக்காக ஊரிலிருந்து வரும் உறவினர்களைப் பெரும்பாலும் லிட்டில் இந்தியாவுக்கும் மரினா பேக்குமே அழைத்துச் செல்கிறோம். அரைநாள் மிச்சமிருந்தால், வீவக வீடுகள் நிறைந்த ஆங் மோ கியோவையும் காட்டலாம்.

காலையில் உணவங்காடி நிலையத்தில் பசியாறிவிட்டு, அவென்யூ 1ஐ ஒட்டிய பீஷான்-ஆங் மோ கியோ பூங்காவுக்குச் செல்லுங்கள். கான்கிரீட் கால்வாயாக ஓடிய காலாங் ஆறு, 2012க்குள் அங்கு வளைந்து நெளியும் இயற்கை ஆறாக மாற்றப்பட்டது. சில வேளைகளில் நீர்நாய்களையும் காணலாம். மழை பெய்தால் நீர்மட்டம் விரைவாக உயரும். எச்சரிக்கை ஒலி கேட்டதும் கரையேறிவிட வேண்டும்.

ஆங் மோ கியோ எம்ஆர்டி நிலையத்திலிருந்து ரயில் மாறாமலேயே மரினா சவுத் பியர் செல்லலாம். மரினா பே கப்பல் முனையம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். சில கப்பல்கள் ஹார்பர்ஃபிரண்டிலிருந்து புறப்படும் என்பதால், எந்த முனையம், எத்தனை மணிக்குப் பதிவு என்பதைப் பயணச்சீட்டில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.