குழந்தைக்கு வேர்க்கடலை ஆகுமா?

ஒரே ஒரு வேர்க்கடலை! அதைத் தின்ற சிறுவனின் உதடு வீங்குகிறது. உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சுத் திணறுகிறது. உடனே ஊசி போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து!

இதற்கு அலர்ஜி (ஒவ்வாமை) என்று பெயர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை உண்டு.

"கொடுக்காதீர்கள்!"

வேர்க்கடலையைக் கொடுத்தால்தானே வம்பு? கொடுக்காமலே இருந்துவிட்டால்?

டாக்டர்கள் இப்படித்தான் நினைத்தார்கள். அலர்ஜி வரக்கூடிய குழந்தைகளுக்கு 3 வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்று, 2000-ம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி கூறியது. தாய்மார்களும் அப்படியே செய்தார்கள். ஆனால், அலர்ஜி குறையவில்லை. கூடிக்கொண்டே போயிற்று!

இஸ்ரேலில் அதிசயம்

லண்டன் டாக்டர் கிதியோன் லாக், இஸ்ரேல் நாட்டைக் கவனித்தார். அங்கே கைக்குழந்தைகள்கூட "பம்பா" என்ற வேர்க்கடலைப் பொரியைச் சப்பித் தின்னும். இரு நாட்டு யூதக் குழந்தைகளையும் அவர் குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இங்கிலாந்துக் குழந்தைகளிடம் அலர்ஜி பத்து மடங்கு அதிகம்! இது 2008-ல் வெளிவந்தது. அமெரிக்க அகாடமியும் அதே ஆண்டில் தன் பழைய யோசனையைக் கைவிட்டது.

640 குழந்தைகள்

பிறகு லண்டனில் 640 குழந்தைகளைச் சேர்த்துச் சோதனை நடந்தது. வயது 4 மாதம் முதல் 11 மாதம் வரை. எல்லோருக்கும் கடுமையான கரப்பான் அல்லது முட்டை அலர்ஜி இருந்தது. ஒரு பாதிக்கு வேர்க்கடலை உணவு கொடுத்தார்கள். மறு பாதிக்கு அறவே கொடுக்கவில்லை.

5 வயதில் பார்த்தார்கள். சாப்பிடாதவர்களில் 100-க்கு 17 பேருக்கு வேர்க்கடலை அலர்ஜி. சாப்பிட்டவர்களில் 100-க்கு 3 பேருக்குத்தான்! 2015-ல் வந்த இந்த முடிவு டாக்டர்களையே திகைக்க வைத்தது.

காரணம் என்ன?

வாய் வழியாகச் சீக்கிரமே வரும் உணவை உடம்பு நண்பனாகப் பழகிக்கொள்கிறது. அதுவே கரப்பான் வெடிப்பு வழியாகத் தோலில் புகுந்தால், பகைவன் என்று எண்ணிவிடுகிறது. டாக்டர் லாக் கூறும் விளக்கம் இதுதான்.

தாய்மார்கள் கவனிக்க!

* 6 மாதம் வரை தாய்ப்பாலே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.
* பிறகு வேர்க்கடலையை மையாக அரைத்து, கஞ்சியில் கொஞ்சம் கலந்து கொடுக்கலாம். ஒத்துக்கொண்டால் நிறுத்தாமல் அடிக்கடி கொடுங்கள்.
* முழுக் கடலை 5 வயது வரை கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.
* கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்தால், 4-வது மாதத்திலேயே டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொல்லாமல் கடலை கொடுக்காதீர்கள்.

பயந்து ஒதுக்கியது தாயின் குற்றம் அல்ல. டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். உண்மை தெரிந்ததும் மாற்றிக்கொண்டார்கள். நாமும் மாற்றிக்கொள்வோம்!