நிற்கிற ஊரே நகருது! சிங்கப்பெருமாள் கோவில் ஆண்டுக்கு 5 செ.மீ. பயணம்: காட்டிக்கொடுத்த எரிமலை தீவுகள்

சிங்கப்பெருமாள் கோவில்:

ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து வருபவர்கள் சிங்கப்பெருமாள் கோவில் ரெயில் நிலையத்தில் மின்சார ரெயிலுக்காக காத்து நிற்பார்கள். ரெயில் தாமதமானால் ‘‘நின்ன இடத்துலயே நிக்கிறோம்’’ என்று அலுத்துக்கொள்வார்கள்.

ஆனால் யாருமே நின்ற இடத்தில் நிற்கவில்லை. அந்த பிளாட்பாரம், ஜி.எஸ்.டி. சாலை, பாடலாத்ரி நரசிம்மர் கோவில் குன்று, சென்ட் கணக்கில் விலை பேசும் மனைகள் என மொத்த ஊருமே வடகிழக்கு திசையில் நகர்ந்து கொண்டிருக்கிறது. வேகம் ஆண்டுக்கு சுமார் 5 செ.மீ. கிட்டத்தட்ட நகம் வளருகிற வேகம்தான். 2004 சுனாமிக்கு பிறகு மட்டும் சுமார் 1 மீட்டர் நகர்ந்து விட்டது.

பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு அல்ல. பல பாறை தகடுகளாக பிரிந்து கிடக்கிறது. அதில் ஒன்றின் மேல்தான் இந்தியா இருக்கிறது. பெங்களூரு, ஐதராபாத்தில் உள்ள ஜி.பி.எஸ். நிலையங்கள் இந்த நகர்வை இப்போது அளக்கின்றன. சரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததை எப்படி கண்டுபிடித்தார்கள்? அதற்கு சாட்சி இந்திய பெருங்கடல் தீவுகள்.

வெல்டிங் தழும்பு

வெல்டிங் டார்ச்சை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு, மேலே இரும்பு தகட்டை மெதுவாக இழுத்தால் என்ன ஆகும்? தகட்டில் வரிசையாக தழும்பு விழும். டார்ச்சுக்கு நேர் மேலே உள்ள தழும்பு கொதிக்கும். தள்ளிப்போனது ஆறிப்போய் கிடக்கும்.

பூமிக்கு அடியிலும் சில இடங்களில் இப்படி வெப்ப ஊற்று இருக்கிறது. அது பெரிதாக இடம் மாறாது. மேலே தகடு நகர நகர, புதுப்புது எரிமலைகள் வரிசையாக உருவாகும். ஹவாய் தீவுகளை வைத்து 1963-ல் இதை சொன்னவர் கனடா விஞ்ஞானி டூசோ வில்சன்.

நம் பக்கத்து ஊற்று இப்போது ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது. அங்குள்ள பிட்டோன் டி லா போர்னேஸ் எரிமலை அடிக்கடி நெருப்பு கக்குகிறது. அந்த தீவுக்கு கூலி வேலைக்கு போன தமிழர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே தீமிதி நடத்துகிறார்கள்.

வயது சொல்லும் கணக்கு

சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவின் மேற்கு பகுதி இதே ஊற்றின் மேல் இருந்தது. அப்போது கொட்டிய நெருப்பு குழம்புதான் மராட்டியத்தின் பெரும்பகுதியில் பரவிய தக்காண பாறை. பரப்பு சுமார் 5 லட்சம் சதுர கி.மீ. எல்லோரா கைலாசநாதர் கோவில் குடையப்பட்டதும் இந்த பாறையில்தான்.

1987-ல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற கப்பல் இந்திய பெருங்கடலில் துளை போட்டு பாறைகளை எடுத்தது. மாலத்தீவு அருகே பவளப்பாறைக்கு அடியில் கிடைத்த எரிமலை பாறைக்கு வயது சுமார் 5 கோடியே 70 லட்சம் ஆண்டு. அதற்கு தெற்கே சாகோஸ் பகுதியில் சுமார் 4 கோடியே 90 லட்சம். அதன்பிறகு கடலடி பிளவு ஒன்று ஊற்றை தாண்டியது. அதனால் பின்னால் பிறந்த தீவுகள் ஆப்பிரிக்க தகட்டில் சேர்ந்தன. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உள்ள மொரீசியசுக்கு வயது 80 லட்சம் முதல் 90 லட்சம் ஆண்டு. கடைசியாக பிறந்த ரீயூனியனுக்கு சுமார் 20 லட்சம்தான்.

மும்பை பகுதியில் இருந்து ரீயூனியன் சுமார் 4,800 கி.மீ. தூரம். வருடத்தால் வகுத்தால் இந்திய தகட்டின் சராசரி வேகம் ஆண்டுக்கு 7 செ.மீ. வருகிறது. தொடக்கத்தில் 15 செ.மீ. வரை ஓடிய தகடு, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவில் மோதி வேகம் குறைந்தது. அந்த மோதலில் எழுந்ததுதான் இமயமலை.

நமக்கு ஆபத்தா?

நம் ஊருக்கு அடியில் இப்படி ஊற்று கிடையாது. செங்கல்பட்டு பகுதி குன்றுகளில் உள்ள சார்னோகைட் பாறை சுமார் 250 கோடி ஆண்டு பழையது. எனவே எரிமலை பயம் வேண்டாம்.

ஆனால் தகட்டின் ஓரங்களில் உரசல் ஓயவில்லை. 2015-ல் நேபாளம் குலுங்கியது. சுமத்ரா அருகே தகடு கீழே சொருகிய இடத்தில்தான் 2004 டிசம்பர் 26-ந் தேதி பூகம்பம் வெடித்து, சுனாமி நம் கரைக்கும் வந்தது. தகட்டின் நடுப்பகுதியும் முழு பத்திரம் அல்ல. 2001 செப்டம்பர் 25-ந் தேதி புதுச்சேரி அருகே கடலில் ஏற்பட்ட நிலநடுக்கம் சென்னை வரை தெரிந்தது.

தரை ஆடினால் லிப்ட் பக்கம் போகக்கூடாது. உறுதியான மேஜைக்கு அடியில் புகுந்து தலையை மறைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் நின்ற பிறகே வெளியே வரவேண்டும். மாமல்லபுரம், கோவளம் பக்கம் போன இடத்தில் கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடவேண்டும். ஊர் நகருவதை யாராலும் நிறுத்த முடியாது. உயிரை காப்பாற்றிக்கொள்வது நம் கையில் இருக்கிறது.