செய்நிரலின் வீழ்ச்சியும் அதன் சாட்சியும்

கணினிச் செய்நிரலொன்று இயங்குங்கால், பூச்சியத்தால் வகுத்தல், தனக்கு உரித்தல்லாத நினைவகத்தைத் தொடுதல் முதலிய பிழைகள் நேர்வதுண்டு. இவை விதிவிலக்குகள் எனப்படும். ஏற்றுச் சீர்செய்வார் இல்லாதவிடத்துச் செய்நிரல் வீழ்ந்துபடும். வீழுமுன் பிழை நிகழ்ந்த இடத்தைக் குறித்து வைக்குமாறு, எழுதியவர் தாமே அமைக்கும் பகுதி விதிவிலக்குக் கையாளியாகும். அக்குறிப்பே பின்னர் வழுவைத் தேடுவார்க்குச் சாட்சி.

இச்சாட்சி எஞ்ஞான்றும் நம்பத்தக்கதோ? தேயிலைத் தொழிற்சாலை தீப்பற்றுங்கால், தீயினுள் அகப்பட்ட காவலாளி நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதுவான் என எதிர்பார்த்தல் பொருந்தாது. வெளியே நிற்பவனே எழுதவல்லான். கையாளியின் நிலையும் அத்தகையதே. வின்டோஸ் முறைமையில் அது வீழும் செய்நிரலின் உள்ளேயே, பிழை நேர்ந்த அதே இழையில் இயங்குவது. அவ்விழைக்குரிய அடுக்கு நினைவகம் நிரம்பிவிடின், கையாளி இயங்கவும் இடமிராது. 2001இல் வெளியான எக்ஸ்பி பதிப்பில், இத்தகைய வேளைகளில் செய்நிரல் சுவடின்றி மறைந்ததுண்டு. 2007இல் பொதுமக்களை அடைந்த விஸ்டா பதிப்பிலோ, முறைமையின் கருவகமே வெளியிலுள்ள அறிக்கைச் சேவைக்குச் செய்தி அனுப்புமாறு மாற்றப்பட்டது. 64 பிட் பதிப்புகள் சிலவற்றில், சாளரச் செய்திகளை ஏற்கும் பகுதியில் எழும் பிழை கையாளியை எட்டாமலே மறைந்தமையும் உண்டு. ஆகவே, ஒரு பதிப்பில் அறிக்கை வாராமை பிழையின்மைக்குச் சான்றாகாது.

பழைய சூழலுக்குப் பொருந்தியது புதிய சூழலுக்கும் பொருந்தும் எனக் கொள்வதன் கேட்டை, 1996 ஜூன் 4ஆந் திகதி ஏரியான் 5 ஏவுகணை உலகிற்கு உணர்த்திற்று. ஏரியான் 4இலிருந்து எடுத்தாளப்பட்ட செய்நிரலில், 64 பிட் எண்ணொன்று 16 பிட் இடத்துள் அடங்காது விதிவிலக்கு எழுந்தது. அதனைக் கையாளும் ஏற்பாடு அவ்விடத்து இல்லை. வழிகாட்டும் கணினிகள் இரண்டும் நின்றன. ஏறத்தாழ 40 விநாடிகளில் ஏவுகணை அழிந்தது.

ஆதலின் செய்யத்தக்கன நான்கு. கையாளி இயன்றவரை சிறிதே செய்தல் வேண்டும். நினைவகப் பதிவை எழுதும் பணியைத் தனியாக இயங்கும் காவற்செய்நிரலிடம் ஒப்படைத்தல் நன்று. அறிக்கைதோறும் முறைமையின் பதிப்பெண் இடம்பெறல் வேண்டும். ஒவ்வொரு பதிப்பிலும் செய்நிரலை வேண்டுமென்றே வீழ்த்தி, அறிக்கை வருகின்றதா எனச் சோதித்தல் வேண்டும்.

கொட்டகலையில் மாணவரொருவர் எழுதும் செய்நிரல், அட்டனிலோ நுவரெலியாவிலோ வேறொரு பதிப்பில் இயங்கக்கூடும். ஆங்கு அது வீழுங்கால் எழுதியவர் அருகிரார்; அவருக்காகப் பேசுவது அவ்வறிக்கை ஒன்றேயாம்.