ஈரம் குடிக்காத கிட்டார்

கார்பன் ஃபைபர் கிட்டார் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பேசுவது ஈரத்தைப் பற்றித்தான். சத்தம் அப்புறம். டீயைக் குடியுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

ஸ்டீல் கம்பி போட்ட கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவையை பிரிட்ஜ் மேல் ஏற்றுகின்றன. அதைத் தாங்குவது மூன்று மில்லிமீட்டர்கூட வராத ஒரு ஸ்ப்ரூஸ் மரப் பலகையும் அதற்கு அடியில் ஒட்டிய சட்டங்களும். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு ஊதி நிலையில் இறுகுமே, அதேதான் இங்கும் நடக்கும். பலகை வயிறு தள்ளும், பிரிட்ஜ் உயரும், கம்பி ஃப்ரெட்டை விட்டு எழும்பும். இதைத்தான் ஆக்‌ஷன் ஏறிவிட்டது என்கிறோம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் கூடினாலே பார் கார்டு பிடிக்கும் சுட்டுவிரலுக்குத் தெரிந்துவிடும். காற்று வறண்டாலோ பலகை அமுங்கி, கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும், வெடிப்பும் விழலாம். மரக் கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் வேண்டும். சென்னையில் அது எத்தனை நாள் கிடைக்கும்?

ஹவாயின் மௌயி தீவிலும் இதே பாடுதான். அங்கே இயற்பியலாளர் ஜான் டெக்கர் தொடங்கிய ரெயின்சாங் நிறுவனம் கார்பன் இழைத்துணியையும் எபாக்ஸி பிசினையும் வைத்துக் கிட்டார் செய்தது. இந்தப் பொருள் ஈரத்துக்கு ஊதாது, வெயிலுக்கும் அநேகமாக விரியாது. ஒருமுறை ஒழுங்காக செட்டப் செய்த ஆக்‌ஷன் அப்படியே நிற்கும். கம்பி மட்டும் அதே ஸ்டீல்தான். சூட்டில் சுருதி இறங்கும், ட்யூனர் வேண்டும்.

இனி சத்தம். ஸ்ப்ரூஸ் ரேகைவாட்டில் விறைப்பு, குறுக்குவாட்டில் நெகிழ்வு. அதன் உள்ளுராய்வு மேல்ஸ்தாயி அதிர்வுகளைச் சீக்கிரம் தின்றுவிடும். அந்த இழப்பைத்தான் நாம் கதகதப்பு என்கிறோம். கார்பனில் இழப்பு குறைவு. தனி ஸ்வரம் நீண்டு நிற்கும், மேல்கம்பிகள் பளிச்சென்று பேசும். ஆனால் கார்பன் பலகை ஸ்ப்ரூஸைவிட மூன்று நான்கு மடங்கு அடர்த்தியானது. மெலிதாகச் செய்தால்தான் துள்ளும். ரெயின்சாங் இழை அடுக்குகளிலேயே விறைப்பைக் கூட்டிக் குறைத்து, உள்சட்டங்களையே எடுத்துவிட்டது. அருமையான வேலை அது.

விரல் மீட்டலுக்கு இது தங்கம். பிக்கால் வேகமாக அடித்துப் பாடும்போது முந்தைய கார்டு அடங்குவதற்குள் அடுத்தது வந்து மோதும். அந்த வாசிப்புக்கு என் ஓட்டு ஸ்ப்ரூஸுக்கே. ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிறவர், கடலோரத்தில் குடியிருப்பவர் தயங்காமல் கார்பன் எடுக்கலாம்.

கடையில் மூன்றாம் கம்பியை ஒரே ஒரு முறை மீட்டி, அது அடங்கும் வரை கேளுங்கள். பிறகு முழுக் கார்டு அடியுங்கள். மரம்போல வாசிக்க வாசிக்க இளகும் என்ற பேச்சு கார்பனுக்குப் பொருந்தாது. அன்று பிடிக்காவிட்டால் வாங்காதீர்கள்.