கற்றாழை தொய்ந்தால்…

மாடித் தொட்டியில் நிற்கும் சோற்றுக் கற்றாழை மஞ்சளாகித் தொய்ந்துவிட்டால், பலருடைய கை உடனே தண்ணீர்க் குவளைக்குப் போகும். பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான் அதற்கு எமன்! மடலிலேயே நீரைச் சேமிக்கும் செடி இது. மண் எப்போதும் ஈரமாகக் கிடந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நுண்ணுயிரிகள் புகுந்து வேரை அழுகச் செய்யும்.

அடித்தண்டு உறுதியாக இருந்தால் காப்பாற்றிவிடலாம். செடியை மெல்லப் பெயர்த்தெடுத்து, பழுப்பேறிக் கொழகொழத்த வேர்களைச் சுத்தமான கத்தியால் வெட்டி, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டுப் புதிய மண்ணில் நட வேண்டும். பிறகு ஒரு வாரம் தண்ணீர் கூடாது.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் நீர் வடியும் என்பது வெறும் நம்பிக்கை. ஈரம் ஜல்லிக்கு மேலேயே தங்கிவிடும். பருமணலையும் செங்கல் சில்லையும் மண்ணோடு கலப்பதே பலன் தரும்.

விரலை 2 அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று ஊற்றாதீர்கள்.